நாற்பது ஆண்டு மௌனம்

திருமணத்திற்கு ஆயத்தம் செய்யும் இளைஞரும் இளம் பெண்டிரும் பங்குக் குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. மணமுடிக்குமுன் தம் வாழ்வில் நிகழ்ந்தவற்றையெல்லாம் துணைவரிடம் சொல்லிவிட வேண்டுமா? சொன்னால் இல்லறம் நிலைக்குமா? சொல்லாமல் மறைத்தால் அது வஞ்சகம் ஆகாதா? மணமாகி இருபது முப்பது ஆண்டுகள் கழிந்தவர்களோ வேறொரு சுமையோடு வருகிறார்கள். ஒரே கூரையின்கீழ் வாழ்ந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே கோயிலில் முழந்தாளிட்டும், மனம்விட்டு ஒரு சொல் பேசாத வாழ்க்கையை எவ்வாறு தாங்குவது என்பதே அச்சுமை. அதை அவர்கள் கேள்வியாகக் கேட்பதுகூட இல்லை. பெருமூச்சாகவே விட்டுச் செல்கிறார்கள்.

இவ்விரண்டையும் ஒருங்கே ஆராய்கின்ற ஒரு பிரெஞ்சு நாவலை இம்மாதம் நம் வாசகர்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். அதன் பெயரைத் தமிழில் ‘விரியன் பாம்புகளின் முடிச்சு’ எனலாம். பிரான்சுவா மொரியாக் என்னும் கத்தோலிக்க எழுத்தாளர் அதை 1932ஆம் ஆண்டு வெளியிட்டார். தலைப்பைக் கண்டு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் பாம்புகள் ஒரு மனிதனின் இதயத்தைக் குறிக்கின்றன. அம்முடிச்சு எவ்வாறு விழுந்தது, எவ்வாறு அவிழ்ந்தது என்பதே கதை.

ஆசிரியர்

மொரியாக் 1885ஆம் ஆண்டு, பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோ நகரில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன்பே தந்தையை இழந்த அவரை, பக்தி மிகுந்த தாயார் வளர்த்தார். திராட்சைத் தோட்டங்களும், பைன் மரக் காடுகளும், சொத்தைப் பேணுவதில் கண்ணும் கருத்துமான குடும்பங்களும் நிறைந்த அந்தப் பகுதியே அவருடைய நாவல்கள் பெரும்பாலானவற்றுக்கு நிலைக்களம். 1933ஆம் ஆண்டு பிரெஞ்சுக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1952ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றார். 1970ஆம் ஆண்டு பாரிசில் காலமானார்.

பாவத்தை இவ்வளவு விரிவாக வரைந்து காட்டுவது ஒரு கத்தோலிக்கருக்குத் தகுமா என்று அக்காலத்தில் வாதம் எழுந்தது. 1929இல் ‘கடவுளும் மாம்மோனும்’ என்ற நூலில் மொரியாக் தம் நிலையை ஆராய்ந்து எழுதினார். நம்மைப் பொறுத்தவரை இந்த ஒரு நாவலே அவ்வாதத்திற்குப் போதிய விடையாகும். நோயை உள்ளபடி காட்டாத மருத்துவன் மருந்தை எங்ஙனம் குறிப்பான்?

ஓர் இரவு

கதைத் தலைவர் லூயி. வயது அறுபத்தெட்டு. ஒருகாலத்தில் பெயர்பெற்ற வழக்கறிஞர், பெருஞ்செல்வர், இப்போது இதய நோயாளி. கலேஸ் என்னும் தம் பண்ணை வீட்டின் அறையில் அமர்ந்து, மனைவி இசாவுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். தாம் இறந்தபின் பெட்டகத்தைத் திறந்து பத்திரங்களைத் தேடுவோர் கண்ணில் முதலில் அக்கடிதமே பட வேண்டும் என்பது அவருடைய திட்டம். நாற்பது ஆண்டுகளாக நெஞ்சில் தேக்கிவைத்த நஞ்சையெல்லாம் அதில் கொட்டுகிறார்.

அந்த நஞ்சு எங்கிருந்து வந்தது? லூயி இளமையில் தம்மை யாரும் விரும்பமாட்டார்கள் என்று எண்ணி வளர்ந்தவர். கூரிய அறிவும் தாயார் சேர்த்து வைத்த செல்வமும் இருந்தும், அன்பு தமக்கு உரியதன்று என்பது அவர் முடிவு. இந்நிலையில் லூஷோன் என்னும் மலையூரில் இசாவைச் சந்தித்தார். அவள் போர்தோவின் உயர்குடிப் பெண். அவள் தம்மை நேசிக்கிறாள் என்று அறிந்தபோது அவர் உள்ளம் மலர்ந்தது. தாமும் நேசிக்கத் தக்கவரே என்னும் அந்நம்பிக்கைதான் அவர் வாழ்வில் கண்ட முதல் மகிழ்ச்சி.

மணமான தொடக்க காலத்தில் ஓர் இரவு, கணவர் மீது கொண்ட நம்பிக்கையினாலேயே, இசா தன் மனத்திலிருந்த ஒன்றைச் சொன்னாள். அவரைச் சந்திப்பதற்கு முன்பு ரொடோல்ஃப் என்ற இளைஞன் ஒருவனை அவள் அறிந்திருந்தாள். இருவருக்கும் மணம் பேசும் நிலை இருந்தது. அவள் குடும்பத்தில் காச நோய் இருந்ததை அறிந்து, அவன் பெற்றோர் பின்வாங்கிவிட்டனர். இவ்வளவே செய்தி. இதில் பாவம் யாதொன்றும் இல்லை, வஞ்சகமும் இல்லை. சொல்லும்போது அவள் கண்ணீர் விட்டாள். தன்னுள் இருந்த கடைசிக் கதவையும் கணவனுக்குத் திறந்து காட்டியதாகவே அவள் எண்ணியிருக்க வேண்டும்.

இருளில் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்த லூயிக்கோ, உலகமே சரிந்தது. தம்மை அவள் நேசிக்கவில்லை. வேறு வரன் அமையாததால் குடும்பத்தார் தம் செல்வத்தைப் பார்த்து இணங்கினார்கள் என்று அவர் தமக்குத் தாமே தீர்ப்பு எழுதிக்கொண்டார். அத்தீர்ப்பை மனைவியிடம் சொல்லவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்ற ஒரு கேள்வியை அந்த இரவே கேட்டிருந்தால், நாவலே எழுதத் தேவை இருந்திராது. அவர் கேட்கவில்லை. அன்று தொடங்கிய மௌனம் நாற்பது ஆண்டுகள் நீடித்தது.

அன்பர்களே, இங்கே சற்று நின்று சிந்திப்போம். இக்கதையில் குடும்பத்தைக் குலைத்த இரகசியம் எது? மேலெழுந்தவாரியாகப் பார்ப்பவர், இசா சொன்ன பழைய செய்தியைச் சுட்டுவார். அவள் வாய்மூடி இருந்திருக்கலாமே என்பார். ஆனால் அவளுடைய இரகசியம் சொல்லப்பட்ட அந்நொடியே முடிந்துவிட்டது. முடியாமல் நின்றது லூயியின் இரகசியம். தாம் புண்பட்டோம் என்பதை அவர் மறைத்தார். அந்த மறைவிலிருந்துதான் பின்னைய பாவங்கள் ஒவ்வொன்றாகக் கிளைத்தன: பிற பெண்களின் தொடர்பு, முறைகேடாகப் பிறந்த ஒரு மகன், பிள்ளைகள் மீது வெறுப்பு, பணத்தின் மீது பேராசை.

சொத்தும் சட்டமும்

1884ஆம் ஆண்டுச் சட்டம் பிரான்சில் மணமுறிவை மீண்டும் அனுமதித்தது. லூயியும் இசாவும் அந்த வழியை நாடவில்லை. கத்தோலிக்கக் குடும்பம், நற்பெயர் முக்கியம். ஆகவே வீடு நிலைத்தது, விருந்தினர் வந்து போயினர், பிள்ளைகள் பிறந்தனர். வெளியிலிருந்து பார்ப்போருக்குக் குறை ஒன்றும் தோன்றியிராது.

பிரெஞ்சுக் குடிமைச் சட்டம் 1804ஆம் ஆண்டு முதலே பிள்ளைகளுக்குத் தந்தையின் சொத்தில் கட்டாயப் பங்கு வகுத்திருந்தது. தந்தை நினைத்தாலும் உயில் எழுதி அவர்களை முற்றிலும் விலக்கிவிட இயலாது. வழக்கறிஞரான லூயி இதை நன்கறிவார். ஆனால் கைமாற்றிக் கொடுத்துவிடக் கூடிய பங்குப் பத்திரங்களைப் பெட்டகத்திலிருந்து எடுத்து வேறொருவரிடம் சேர்ப்பித்தால் சட்டம் எங்ஙனம் தடுக்கும்? தாம் அதிகம் கண்டிராத, மணத்திற்குப் புறம்பே பிறந்த மகன் ரொபேரைத் தேடிப் பாரிசுக்குச் செல்கிறார் அவர். மனைவி மக்களை வெறுங்கையராக்கும் இன்பத்திற்காகவே அவனுக்குச் செல்வத்தை அளிக்க முன்வருகிறார்.

பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. தந்தையைச் சித்தம் கலங்கியவர் என்று அறிவிக்கச் செய்து சொத்தைக் காப்பாற்ற இயலுமா என்று இரவில் சன்னலுக்குக் கீழே கூடிப் பேசுவதை அவரே கேட்கிறார். முடிவில் அந்த ரொபேரும் அவரைக் காட்டிக் கொடுக்கிறான். மூத்த மகன் உபேரும் மருமகன் அல்ஃபிரெடும் ரொபேரை இரகசியமாகச் சந்திப்பதை, பாரிசின் சேன் ஜெர்மேன் தெ பிரே ஆலயத்தில் அவர் கண்ணாரக் காண்கிறார். கோயிலுக்குள்ளேயே நடக்கும் பேரம் அது!

பக்தியுள்ள குடும்பம்

இனிச் சொல்லப் போவது கத்தோலிக்க இல்லங்களுக்குக் கசப்பான பகுதி. லூயி விசுவாசமற்றவர், மதத்தை ஏளனம் செய்பவர். வீட்டார் சுத்தபோசனம் காக்கும் வெள்ளிக்கிழமையில் அவர்கள் எதிரிலேயே இறைச்சி உண்பவர். அவர் மனைவி மக்களோ தவறாமல் பூசை காண்பவர்கள். இரவில் கூடிச் செபிப்பவர்கள். ஆயினும் வாசகரின் மனம் எவர் பக்கம் செல்கிறது? இந்தப் பக்தியுள்ளோர் வாழ்வில் பணத்தைத் தவிர வேறெதையும் பேசக் காணோமே என்று நாமே லூயியோடு சேர்ந்து கேட்கத் தொடங்கிவிடுகிறோம்.

லூயியின் ஏளனத்திற்கு மொரியாக் சலுகை காட்டவில்லை. ஆனால் அவரை விசுவாசத்திலிருந்து விரட்டியது நூல்களோ வாதங்களோ அல்ல, வீட்டில் கண்ட வாழ்க்கையே என்பதை மறைக்கவும் இல்லை. மாறாக, அவருடைய பனிக்கட்டி உள்ளத்தை இளக்கியவர்கள் மிகச் சிலர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வந்த அர்துவேன் என்னும் குருமாணவர், அவரிடம் நற்குணம் இருப்பதை அவரிடமே எடுத்துச் சொன்னார். யாரும் அதற்கு முன் அவ்வாறு சொன்னதில்லை. சிறுவயதிலேயே நோயுற்று இறந்த மகள் மரி, தன் வேதனையைத் தந்தைக்காக ஒப்புக்கொடுத்தாள். இசாவின் தங்கை மகன் லுக், போருக்குப் புறப்படும்போது அவர் கொடுத்த பொற்காசுகளை வேண்டாமென மறுத்தான். போரிலிருந்து அவன் திரும்பவில்லை. தம் பொருளை எதிர்பாராதவர்களிடம் மட்டுமே அந்தக் கருமி அன்பின் முகத்தைக் கண்டார்.

இது நமக்கு ஆத்தும சோதனைக்குரிய செய்தி. கோயிலுக்கு வராத கணவரைக் குறித்தும், செபத்தில் சேராத மகனைக் குறித்தும் நாம் முறையிடுகிறோம். அவர்கள் நம்மிடம் காணும் விசுவாசம், பந்தியிலும் பணப்பெட்டியருகிலும் எப்படித் தோற்றமளிக்கிறது என்று கேட்டதுண்டா?

காலம் தாழ்ந்த உண்மை

லூயி பாரிசுக்குப் புறப்படுமுன், முதிய தம்பதியரிடையே ஓர் உரையாடல் நிகழ்கிறது. நாவலின் உயிர்நாடி அதுவே என்போம். அவ்வேளையில் இசா சொல்கிறாள்: தனித்தனி அறைகளில் உறங்கத் தொடங்கிய காலம் முதல், பிள்ளைகள் நோயுற்றிருந்தபோதும் அவர்களில் யாரையும் இரவில் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டதில்லை, கணவர் வரக்கூடும் என்று காத்திருந்தாள். பிள்ளைகளே அவளுக்கு எல்லாம், தாம் ஒன்றுமில்லை என்று நாற்பது ஆண்டுகள் நம்பியிருந்தவருக்கு இது இடியாக விழுகிறது. அடுத்தடுத்த அறைகளில் இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்தே முதுமையடைந்திருக்கிறார்கள்! தாம் முதலில் கதவைத் தட்டுவதா என்று இருவரும் தயங்கினார்கள், கதவு திறக்கவேயில்லை.

அப்போதும் லூயி தம் திட்டத்தைக் கைவிடவில்லை. பாரிசுக்குச் சென்றார். அங்கிருக்கையில் இசா இறந்துவிட்டாள் என்ற செய்தி தாமதமாகக் கிடைத்தது. தாம் முதலில் சாவோம், அவள் தம் கடிதத்தைப் படிப்பாள் என்றே கணக்கிட்டிருந்தார் அந்தக் கணக்கில் வல்லவர். படிக்க வேண்டியவள் போய்விட்டாள். பிறகு, அவள் அறையின் கணப்படுப்பில் எரிந்தும் எரியாமலும் கிடந்த காகிதத் துண்டுகளைக் கண்டெடுத்தார். அவளும் துன்புற்றாள், தம்மை அலட்சியம் செய்தவள் அல்லள் என்பதை அந்தக் கரிந்த எழுத்துகள் வாயிலாக அறிந்துகொண்டார். உயிரோடிருந்தபோது பக்கத்து அறையில் கேட்டிருக்கக் கூடியதைச் சாம்பலில் தேடிப் படிக்க நேர்ந்தது.

எனினும் நாவல் அவநம்பிக்கையில் முடியவில்லை. வெறுப்பின் முடிச்சு அவிழ்ந்ததும் பணத்தின் பிடியும் தளர்கிறது. சொத்தின் பெரும்பகுதியைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துவிட்டு, கலேஸ் வீட்டையும் வாழ்நாள் செலவுக்கான தொகையையும் மட்டும் வைத்துக்கொள்கிறார். கணவன் ஓடிப்போனதால் கலங்கி நிற்கும் பேத்தி ஜனினுக்கு அடைக்கலம் தருகிறார். இறைவனை நோக்கியும் மெல்லத் திரும்புகிறார். மனைவியைப் பழிவாங்கத் தொடங்கிய கடிதம், படிப்படியாகப் பாவசங்கீர்த்தனமாக மாறுகிறது. தாம் கண்டுகொண்ட அன்பின் பெயரை எழுதப் புகும் வேளையில், வாக்கியம் முடியாமலே உயிர் பிரிகிறது.

கையெழுத்தைப் படித்த மகன் உபேருக்கு அது ஒரு கிழவரின் பிதற்றலாகவே படுகிறது. பிறர் கண்ணில் படலாகாது என்று அஞ்சுகிறான். ஆக, புதிய இரகசியம் ஒன்று பிறந்துவிட்டது. பேத்தி ஜனின் மட்டும் உண்மையை உணர்கிறாள். தம் குடும்பத்தாரின் கொள்கைகள் ஓரிடத்திலும் வாழ்க்கை வேறோரிடத்திலும் இருந்தன என்றும், பாட்டனார் ஒருவரே மெய்யான பக்தியுடையவராக இருந்தார் என்றும் அவள் எழுதுகிறாள்.

நாம் செய்ய வேண்டுவது

தொடக்கத்தில் குறித்த கேள்விக்கு இனி வருவோம். மணத்திற்கு முன் எதைச் சொல்லியாக வேண்டும்? இதில் திருச்சபைச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 1983ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 1098ஆம் எண், அதற்கு முந்திய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பில் இல்லாத ஓர் ஒழுங்கை வகுத்தது. இல்லற வாழ்வின் கூட்டுறவைத் தன் இயல்பிலேயே பெரிதும் குலைக்கக் கூடிய ஒரு தன்மையை மறைத்து, சம்மதத்தைப் பெறும் நோக்கத்தோடு ஒருவர் வஞ்சித்தால், அவ்வாறு வஞ்சிக்கப்பட்டவர் செய்யும் திருமணம் செல்லாது. பிள்ளைப் பேறின்மை தன்னளவில் திருமணத்தைத் தடுப்பதில்லை. ஆனால் அதை வஞ்சகமாக மறைப்பது இவ்விதிக்கு உட்படும் என்று 1084ஆம் எண்ணும் சுட்டுகிறது. ஆகவே துணைவரின் வாழ்வையும் வருங்காலப் பிள்ளைகளையும் தொடக்கூடிய பெருஞ்செய்திகளை ஓலை வாசிக்குமுன்னரே பேசித் தெளிய வேண்டும். வரன் தப்பிவிடுமே என்று பெற்றோர் அஞ்சி மறைப்பது, பிள்ளைக்குச் செய்யும் நன்மை ஆகாது.

இசா சொன்னது இவ்வகையைச் சேர்ந்ததன்று. முடிந்துபோன ஒரு பழைய பாசத்தைச் சொல்லியே தீர வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. கடவுளிடம் பாவசங்கீர்த்தனத்தில் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற்றதைத் துணைவரிடம் திரும்பவும் சொல்ல வேண்டுமா என்பதை, ஒவ்வொரு நிலையையும் பார்த்து விவேகத்தோடு முடிவு செய்ய வேண்டும். தன் மனச்சுமையை இறக்குவதற்காக மட்டும் பிறர் தோளில் ஏற்றுவது உண்மையும் அன்று, அன்பும் அன்று. ஆனால் ஒருவர் நம்பிச் சொல்லிவிட்டால் கேட்பவருக்கு ஒரு கடமை பிறக்கிறது. நமக்கு அளிக்கப்பட்ட நம்பிக்கையை ஆயுதமாக்கக் கூடாது. புண்பட்டிருந்தால், புண்பட்டேன் என்று சொல்ல வேண்டும். பொழுது சாயுமுன் சினம் தணிய வேண்டும் என்று எபேசியருக்குச் சின்னப்பர் கூறும் அறிவுரை, லூயியின் இல்லத்தில் நாற்பது ஆண்டுகள் எட்டிப் பார்க்கவில்லை.

2016ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் குடும்ப அன்பைப் பற்றி வெளியிட்ட ‘அன்பின் மகிழ்வு’ என்னும் மடலில், தம்பதியர் உரையாடலுக்குத் தனிப் பகுதி ஒதுக்கினார். உரையாடல் என்பது நீண்ட காலம் பயிலவேண்டிய பழக்கம் என்பதும், பேசுவதற்கு முன் பொறுமையோடு செவிகொடுக்கக் கற்க வேண்டும் என்பதும் அங்கே வலியுறுத்தப்படுகின்றன. அனுமதி கேட்கவும், நன்றி சொல்லவும், மன்னிப்புக் கேட்கவும் தெரிந்த இல்லத்தில் அமைதி இருக்கும் என்பதும் அவர் கற்பித்ததே. லூயியின் வீட்டில் திராட்சைத் தோட்டம் இருந்தது, பெட்டகம் நிறையப் பத்திரங்கள் இருந்தன, இரவுச் செபமும் இருந்தது. மன்னிப்புக் கேட்கும் சொல்தான் இல்லை.

வாசகர்களில் முதியோர் பலர் உண்டு. உங்களில் எவரேனும் பத்து ஆண்டுகளாக, இருபது ஆண்டுகளாக ஒரு பழைய சொல்லை நெஞ்சில் வைத்து வளர்த்துக்கொண்டிருக்கக் கூடும். சொன்னவர் அதை மறந்தேயிருக்கலாம். அல்லது அவரும் பக்கத்து அறையில் காத்துக்கொண்டிருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, கேட்பதுதான். நீண்ட கடிதம் வேண்டாம். பெட்டகத்தில் பூட்டி வைக்கவும் வேண்டாம். இன்றிரவு செபமாலை முடிந்தபின், பிள்ளைகள் உறங்கச் சென்றபின், விளக்கை அணைக்குமுன் பேசத் தொடங்குங்கள். முதல் வாக்கியம் தடுமாறும், தடுமாறினால் என்ன? இருவரும் உயிரோடிருக்கும்போது தடுமாறிச் சொல்லும் ஒரு வாக்கியம், இறந்தபின் கண்டெடுக்கப்படும் அழகிய கடிதத்தினும் ஆயிரம் மடங்கு மேலானது.